கொலைகாரன் யாராக இருந்தால் என்ன

எங்கள் வீட்டில் இருபது வருடம் ‘சிஐடி’ பார்த்தோம். ஒரு கொலைகாரன் பெயர்கூட எங்களில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

சோனி தொலைக்காட்சியில் 1998 ஜனவரி 21 அன்று ஆரம்பித்து 2018 அக்டோபர் 27 வரை ஓடிய தொடர் அது. மொத்தம் 1547 பகுதிகள். சில கேஸ் இரண்டு வாரம் இழுக்கும். சில வாரம் முதல் விளம்பரத்துக்குள்ளேயே மூன்று பிணம் விழுந்துவிடும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு சின்ன கிராமத்தையே காலி செய்திருப்பார்கள். அத்தனை பேரையும் கொன்றது யார் என்று அம்மாவிடம் கேட்டால், “எவனோ சொத்துக்காகக் கொன்னான்” என்பாள். ஆனால், அபிஜித் தாரிகாவை முதல்முதலாக ‘அந்த மாதிரி’ பார்த்தது எப்போது என்று கேட்டுப் பாருங்கள். அன்று ராத்திரி என்ன குழம்பு, யார் வீட்டுக்கு வந்திருந்தார்கள், பால் பொங்கி அடுப்பில் வழிந்தது உட்பட எல்லாவற்றையும் சொல்வாள்.

நாங்கள் மும்பை செம்பூர்வாசிகள். அப்பா திருநெல்வேலியிலிருந்து வேலை தேடி வந்தார். நான் இங்கேயே பிறந்து, வங்கியில் குமாஸ்தா ஆனேன். சமையலறையையும் சேர்த்து இரண்டரை அறை வீடு. வார இறுதி ராத்திரிகளில் அந்த வீடு விசாரணைக் கமிஷனாக மாறிவிடும். அம்மா, என் மனைவி, மகள், எதிர் வீட்டு மராத்திப் பாட்டியான ஆஜி எல்லோரும் அதில் நிரந்தர உறுப்பினர்கள். டோம்பிவிலியில் ஏறி குர்லாவில் வண்டி மாறி சனிக்கிழமை தவறாமல் வந்து சேரும் தாய்மாமா ஒருவர். ரயில்வேயில் ரிட்டயரானவர், கல்யாணமே பண்ணிக்கொள்ளாதவர். இந்த இரண்டாவது தகவல் பின்னால் தேவைப்படும்.

தொடரைப் பார்க்காத பாக்கியவான்களுக்காக: மும்பையில் ஒரு கொலை நடக்கும். ஏசிபி பிரத்யுமன் வருவார். விரல்களை விரித்து, எட்டாத பல்பைக் கழற்றுவதுபோல் காற்றில் திருகி, இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பார். ஒருத்தன் செத்துக் கிடக்கிறான், கோளாறு இல்லாமலா இருக்கும் என்று எங்களுக்குக் கேட்கத் தோன்றாது. பூட்டிய கதவு வந்தால், “தயா, கதவை உடை” என்பார். தயா உடைப்பார். வாட்ச்மேனிடம் சாவி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள் என்பது மாமாவின் நெடுநாள் புகார். பிறகு லேப். அங்கே டாக்டர் சாலுங்கே நீலத் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரில் ஊற்றுவார். புகை வரும். செத்தவன் கடைசியாக என்ன சாப்பிட்டான் என்று சொல்லிவிடுவார். முடிவில் ஒரு அறை விழும், குற்றவாளி ஒப்புக்கொள்வான், தூக்குதான் என்று ஏசிபியே தீர்ப்பும் சொல்லிவிடுவார், நீதிபதிக்கு வேலை வைக்காமல்.

ஏசிபியாக நடிக்கும் சிவாஜி சாட்டம் நடிப்புக்கு வருமுன் வங்கியில் வேலை பார்த்தவர். அது தெரியவந்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர் லெட்ஜரைத் திறந்து விரலைத் திருகுவதை வருடாவருடம் பார்க்கிறவன் நான். அங்கே பிணமும் நான்தான்.

சரி, கேஸுக்கு வருவோம்.

சாலுங்கேயின் உதவியாளராக டாக்டர் தாரிகா வந்து சேர்ந்த பிறகுதான் எங்கள் வீட்டில் அமைதி போனது. ஏசிபியின் குழுவில் இருக்கும் அபிஜித் லேபுக்குள் நுழைவார். பிணத்தைப் பார்க்க வேண்டியவர் தாரிகாவைப் பார்ப்பார். ரிப்போர்ட் பற்றிக் கேட்க வேண்டியவர் புடவை நன்றாயிருக்கிறது என்கிற தோரணையில் ஏதாவது சொல்வார். தாரிகா சிரிப்பை அடக்கிக்கொண்டு குடுவையைக் கழுவுவாள். உடனே சாலுங்கே நடுவில் வந்து நின்று, வந்த வேலையைப் பார் என்பார். மொத்தம் இருபது வினாடி. இந்த இருபது வினாடியைத்தான் எங்கள் வீட்டில் ஒரு வாரம் அறுத்துப் பார்த்தோம்.

அம்மாவின் கட்சி நேரானது: கல்யாணம் பண்ணிவைக்க வேண்டும். “பையன் நல்ல உத்தியோகம். பொண்ணு டாக்டர். ஒரே ஆபீஸ். இதுக்கு மேல எந்த ஜாதகம் பார்க்கணும்?” அபிஜித்தாக நடிக்கும் ஆதித்ய ஸ்ரீவாஸ்தவ், தொடரின் ஆரம்ப நாளில் ஒரு கேஸில் குற்றவாளியாக வந்துவிட்டு, அப்புறம்தான் போலீஸாகத் திரும்பி வந்தவர். இதைச் சொன்னால் அம்மா கலங்கவில்லை. “ஆம்பளைப் பிள்ளை, ஆரம்பத்துல கொஞ்சம் அப்படி இப்படி இருந்திருப்பான். இப்போ திருந்திட்டான்ல?” என்றாள். கதைப்படி மாப்பிள்ளைக்குப் பழைய ஞாபகம் போய்விட்டது என்று என் மனைவி எடுத்துக் கொடுத்தபோது, “நல்லதாப் போச்சு, பழசைக் கிளற மாட்டான்” என்று அதையும் வரவில் வைத்துக்கொண்டாள்.

மனைவியின் கட்சி வேறு. தாரிகா கல்யாணமே செய்துகொள்ளக் கூடாது. “ராத்திரி பன்னெண்டு மணிக்குப் பிணம் அறுக்கிற பொண்ணு. வீட்டுக்கு வந்து இட்லிக்கு மாவும் அரைக்கணுமா?”

இது தாரிகாவைப் பற்றிய கருத்து என்றுதான் நான் நினைத்தேன். அம்மா அப்படி நினைக்கவில்லை. மறுநாள் காலையில் மாவு கிரைண்டர் ஐந்தரை மணிக்கே, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகச் சத்தத்தோடு ஓடியது. அன்றிலிருந்து எனக்குப் பயம். அபிஜித் பற்றி ஒருவர் என்ன சொன்னாலும், இது யாருக்குப் போட்ட தபால் என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன். “சாலுங்கே ரொம்பத்தான் குறுக்க நிக்கிறாரு” என்று மனைவி சொன்னால் அதில் ஸ்டாம்ப் ஒட்டியிருக்கும். “வேலைக்குப் போற பொண்ணுன்னா கொஞ்சம் திமிர் இருக்கத்தான் செய்யும், தாரிகாவைச் சொல்றேன்” என்று அம்மா சொன்னால் அது ரெஜிஸ்டர்டு தபால்.

மாமா இரண்டு கட்சியையும் ஏற்கவில்லை. அவரைப் பொறுத்தவரை தொடரில் ஒரே ஜோடி அபிஜித்தும் தயாவும்தான். சிநேகிதர்கள். ஒருத்தனுக்கு அடிபட்டால் இன்னொருத்தன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடப்பான். ஒருத்தன் மேல் சந்தேகம் வந்தால் இன்னொருத்தன் வேலையைத் தூக்கி எறியத் தயாராக நிற்பான். “இதுக்கு நடுவுல ஒரு பொம்பளை எதுக்கு? பொண்டாட்டி வந்தா சிநேகிதன் போயிருவான். நான் பார்த்திருக்கேன்.” அவர் என்ன பார்த்திருக்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாதுங்காவில் மெஸ் சாப்பாடும் ஒரே அறையுமாக எட்டு வருடம் கூட இருந்த ஒருவர், கல்யாணமானதும் நாக்பூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். தீபாவளிக்கு ஒரு கார்டு வந்துகொண்டிருந்தது. அப்புறம் அதுவும் நின்றது. ஆகவே மாமா பேசும்போது யாரும் எதிர்வாதம் செய்வதில்லை. அப்பளம் மட்டும் ஒன்று கூடப் போடுவோம்.

மகளின் கட்சி இளைஞர் கட்சி. அவளுக்கு தயாவும் அதே குழுவில் இருக்கும் ஷ்ரேயாவும் சேர வேண்டும். இதற்கெல்லாம் ரசிகர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அவள்தான் சொல்லித் தந்தாள். அபிஜித்தும் தாரிகாவும் சேர்ந்தால் ‘அபிரிகா’. தயாவும் ஷ்ரேயாவும் ‘தாரேயா’. தயாவும் அபிஜித்தும் ‘டூயோ’. “எல்லாம் பேதி மாத்திரை பேரா இருக்கு” என்றாள் அம்மா. தயாவாக நடிக்கும் தயானந்த் ஷெட்டி வட்டு எறிவதில் மகாராஷ்டிர அளவில் பேர் வாங்கியவர். கதவுகள் அவர் தோளுக்குத் தாங்காதது நியாயம்தான். மகளின் வருத்தமெல்லாம், “அத்தனை பேர் வீட்டுக் கதவை உடைச்சவர், ஷ்ரேயா வீட்டு காலிங்பெல்லை ஒரு தடவை அடிக்கக் கூடாதா?” என்பதுதான்.

ஆஜிக்கு ஏசிபியைத் தவிர வேறு யாரும் கண்ணில் படமாட்டார்கள். சாட்டம் மராத்திக்காரர் என்பதால் ஏறக்குறைய ஒன்றுவிட்ட தம்பி. வழிதவறிப்போன சொந்த மகன் நகுலைக் கடமைக்காகத் தன் கையாலேயே சுட்டவர் இந்த ஏசிபி. அந்தக் கதை போய் எத்தனையோ வருடமாகியும் ஆஜி மறக்கவில்லை. அவர் திரையில் வந்தாலே ஒரு பெருமூச்சு, அப்புறம் ஒரே கேள்வி: இவருக்கு வீட்டில் யார் சோறு போடுகிறார்கள்? பாக்ரி தட்டித் தர ஆள் உண்டா? கொலை நடந்த பங்களாவில் ஏசிபி விரலைத் திருகிக்கொண்டிருக்கும்போது, முகம் வாடியிருக்கிறது, மத்தியானம் சாப்பிடவில்லை என்று எங்களுக்கு அறிவிப்பார்.

கல்லூரிக்குப் போனதும் மகள் அமெரிக்கத் தொடர்களையும் பார்க்க ஆரம்பித்தாள். கமிஷனுக்கு அயல்நாட்டுச் சாட்சியங்கள் வந்து சேர்ந்தன. இப்படி இரண்டு பேரைச் சேர்த்துவைக்கத் துடிப்பதற்கு ‘ஷிப்’ பண்ணுவது என்று பெயராம். ‘ரிலேஷன்ஷிப்’ என்ற வார்த்தையில் தலையையும் உடம்பையும் வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1990-களில் ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ என்ற தொடரின் ரசிகர்கள் ஆரம்பித்து வைத்தது. அதில் மோல்டர், ஸ்கல்லி என்று இரண்டு எஃப்பிஐ அதிகாரிகள். இவர்கள் சேர வேண்டும் என்று ஒரு கூட்டம், சேர்ந்தால் தொடர் கெட்டது என்று இன்னொரு கூட்டம். இதை விளக்கி முடித்ததும் அம்மா, “கப்பலா? நம்ம ஊர்லயும் அதான். இப்படிப் பார்த்துக்கிட்டே இருந்து கல்யாணம் பண்ணலைன்னா மானம் கப்பலேறிடும்” என்றாள்.

1998-இல் அந்தத் தொடரைச் சினிமாவாக எடுத்தார்கள். ஐந்து வருடம் காத்திருந்த ரசிகர்கள் தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறார்கள். மோல்டரும் ஸ்கல்லியும் ஒரு வராந்தாவில் நிற்கிறார்கள், முகங்கள் நெருங்குகின்றன, உதடு படப்போகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு தேனீ ஸ்கல்லியின் கழுத்தில் கொட்டிவிடுகிறது. அம்மா இதைக் கதை என்றே எடுத்துக்கொள்ளவில்லை. “நல்ல காரியத்துக்கு முன்னால பல்லி கத்தினாலே உட்கார்ந்து தண்ணி குடிச்சுட்டுப் போகணும். இது கொட்டியே இருக்கு. ராகுகாலமா இருந்திருக்கும்.”

மகள் விடவில்லை. ‘மூன்லைட்டிங்’ என்று ஒரு தொடர், 1985-இல் தொடங்கியது. சைபில் ஷெப்பர்டும் ப்ரூஸ் வில்லிஸும் ஒரு துப்பறியும் நிறுவனம் நடத்துவார்கள். வாயைத் திறந்தால் சண்டை. 1987-இல் ஒரு பகுதியில் இருவரும் சேர்ந்தார்கள். 1989-இல் தொடர் முடிந்துபோனது. அன்றிலிருந்து அமெரிக்காவில் தொடர் எழுதுகிறவர்களுக்கு இது ஒரு சாபம்: ஜோடியைச் சேர்த்தால் கடையை மூட வேண்டியதுதான். உண்மையில் அந்த அம்மாள் பிரசவத்துக்குப் போனார், இவர் அந்த இடைவெளியில் ‘டை ஹார்ட்’ எடுக்கப் போனார், 1988-இல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் வேறு. பழி மட்டும் அந்த ஒரு ராத்திரியின் மேல் விழுந்தது. ‘காஸில்’ தொடரில் துணிந்து 2014-இல் கல்யாணமே பண்ணிவைத்தார்கள். அப்புறமும் 2016 வரை ஓடியது என்று மகள் மறுப்பும் சேர்த்தே சொன்னாள்.

நான் இதையெல்லாம் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மனைவி முறுக்குப் பிழிந்தபடியே, “கல்யாணமானா சுவாரசியம் போயிரும்னு கண்டுபிடிக்க அமெரிக்கா வரைக்கும் போகணுமா?” என்றாள். ஸ்டாம்ப் ஒட்டாமலே அந்தத் தபால் எனக்கு வந்து சேர்ந்தது.

இதற்கிடையில் சோனி பழைய பகுதிகளை யூடியூபில் போட்டது. அதுவரை எங்கள் சண்டைகள் நாகரிகமாகத்தான் இருந்தன. கேபிள் காலத்தில் ஒரு பார்வை போனால் போனதுதான். சாட்சி சொல்கிறவர் வாக்குதான் ஆதாரம். “அன்னிக்கு ஃபைலை வாங்கும்போது விரலைத் தொட்டான்” என்று அம்மா அடித்துச் சொன்னால், தொட்டான். யூடியூப் வந்ததும் மகள் சாலுங்கே ஆகிவிட்டாள். ஃபைல் காட்சியைத் தேடியெடுத்து, நிறுத்தி நிறுத்தி ஓட்டினாள். விரல் தொடவில்லை. நான்கு அங்குலம் இடைவெளி. அதைவிட மோசம், ஃபைலைக் கொடுத்தது தாரிகாவே இல்லை, வேறொரு அதிகாரி. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். “அப்போ பார்த்தப்ப தொட்டான். இப்போ மாத்தியிருக்காங்க” என்று கேஸை முடித்துவிட்டாள். அதே யூடியூபில் மகள் வேறொன்றும் கண்டுபிடித்தாள். 2004-இல் ஒரே ஷாட்டில், நடுவில் வெட்டே இல்லாமல் 111 நிமிடம் ஓடும் சிறப்புப் பகுதி ஒன்று எடுத்திருக்கிறார்கள். கின்னஸிலும் ஏறியிருக்கிறது. “நூத்திப் பதினோரு நிமிஷம் மூச்சுவிடாம எடுக்கத் தெரியுது. தாலி கட்டறதை ரெண்டு நிமிஷம் எடுக்கத் தெரியலை” என்றாள் அம்மா.

இந்த நிலைமையில்தான் பாளையங்கோட்டையிலிருந்து அத்தை வந்தாள்.

அத்தை அப்பாவின் அக்கா. அம்மாவுக்கு மதினி. இந்த ஒரு சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பாளையங்கோட்டை மாமா காலமாகி வருடம் திரும்பியிருந்தது. ஒரு மாறுதலுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏற்றி அனுப்பினார்கள். அல்வா, நார்த்தங்காய், ஒரு பை கருப்பட்டி எல்லாவற்றோடும் வந்து இறங்கினாள். இந்தியில் ஒரு எழுத்து தெரியாது. தண்ணீர் கேட்கத் தெரியாது.

முதல் இரண்டு வாரம் ஆஜிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேசாமல் பார்த்தாள். பாவம், பாஷை புரியவில்லை என்று நாங்கள் இடையிடையே மொழிபெயர்த்துச் சொன்னோம். “இவன்தான் சந்தேகப்படுற ஆளு அத்தை.” “சரி.” “இப்போ கதவை உடைக்கப் போறாங்க.” “உடைக்கட்டும்.” எங்கள் கட்சிகளையும் அறிமுகப்படுத்தினோம். ஆளாளுக்குத் தனியே கூப்பிட்டு ஆதரவும் திரட்டினோம். எதற்கும் பிடிகொடுக்கவில்லை.

மூன்றாவது வாரம். லேபில் ஏசிபியும் சாலுங்கேயும் நிற்கிறார்கள். நடுவில் பிணம். பின்னால் அபிஜித் தாரிகாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னணியைக் கவனிக்கிறோம். அத்தை முன்னால் நின்ற இரண்டு பேரையும் கை நீட்டிக் காட்டினாள்.

“இவுக ரெண்டு பேருக்கும் கல்யாணமாகி எத்தனை வருசம் இருக்கும்?”

மனைவி வாயில் வைத்த தண்ணீர் மூக்கில் வந்தது. அம்மா, “மதினி, அது ஏசிபி. இவர் டாக்டர்” என்றாள்.

“அதான் தெரியுதே. நான் கேட்டது வேற. வந்ததும் வராததுமா சண்டை போடுதாவ. அவுக, ஏன் இன்னும் முடியலைன்னு கேக்காவ. இவுக, என்னைய என்ன மிசினுன்னு நெனச்சியளான்னு திருப்பிக் கேக்காவ. ஆனா சொன்ன வேலையை முடிச்சுதான் வச்சிருக்காவ. கெளம்பும்போது ஒரு நல்ல வார்த்தை உண்டா? கெடையாது. மறுவாரம் மறுபடி அங்கதான் வந்து நிக்காவ. இது சம்சாரம் இல்லாம வேற என்ன?”

ஒரு வார்த்தை இந்தி தெரியாமல் சொன்னது. மகள் அந்தக் காட்சியை மறுபடி போட்டு வசனத்தைச் சரிபார்த்தாள். ஏறக்குறைய அதேதான்.

அதற்கப்புறம் எங்களால் அந்த லேபைப் பழைய கண்ணால் பார்க்க முடியவில்லை. கிண்டல், உறுமல், குத்தல், ஒருவர் கண்டுபிடித்ததை இன்னொருவர் பாராட்டாமல் வாங்கிக்கொண்டு போவது, கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியபின் ஆபத்து என்றால் முதலில் ஓடிவருவது, எல்லாம் வருடக்கணக்காக எங்கள் மூக்குக்கு எதிரே நடந்திருக்கிறது. நாங்கள் பின்னால் நின்ற இளசுகளை எட்டி எட்டிப் பார்த்ததில் தவறவிட்டிருக்கிறோம். சாலுங்கே ஏன் அபிஜித்தை விரட்டுகிறார் என்பதற்கும் அத்தையிடம் பதில் இருந்தது: “வீட்டுல பெரியவுக இருக்கையில சின்னஞ்சிறுசுக கொஞ்சுனா எந்த மாமியாருக்குப் பொறுக்கும்?” மனைவி குனிந்து தரையில் எதையோ தேடினாள். அம்மா அன்று அப்பளம் பொரிக்க மறந்துபோனாள்.

ஆஜிக்கு மகள் மராத்தியில் சொல்லிப் புரியவைத்தாள். ஆஜி யோசித்தார். பிறகு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். பத்து வருடக் கேள்விக்கு அன்றுதான் விடை கிடைத்தது: ஏசிபி சாப்பிட்டாரா என்று கேட்க ஓர் ஆள் இருக்கிறது. அன்று முதல் அவர்கள் இருவரும் ஒரு கட்சி. இவர் மராத்தியில் சொல்வார், அவள் நெல்லைத் தமிழில் பதில் சொல்வாள், இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டுவார்கள்.

அத்தை ஊருக்குத் திரும்புகிற நாள் ஸ்டேஷனில் வண்டி கிளம்ப நேரமிருந்தது. “எங்க வீட்டுலயும் அப்படித்தாம்ய்யா” என்றாள், எதையோ தொடர்வதுபோல. “நாப்பது வருசம். காப்பியில சீனி கூடன்னுதான் காலையில ஆரம்பிப்பாவ.” அவ்வளவுதான் சொன்னாள். அதற்குள் டீக்காரன் வந்தான்.

2018 அக்டோபரில் தொடரை நிறுத்தினார்கள். நிறுத்தவில்லை, இடைவேளை விடுகிறோம் என்றது சேனல். அம்மா இந்தப் பேச்சை நிறையக் கேட்டவள். பெண் பார்த்து, பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, “ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்” என்று எழுந்து போகிறவர்களின் குரல் அது. “இருபது வருஷம். ஒரு பத்திரிகை அடிக்கலையே” என்றாள். அபிரிகா, தாரேயா எதுவும் கரை சேரவில்லை. கப்பல் கதைதான்.

ஆனால், லெட்டர் வந்தது. 2024 டிசம்பர் 21 அன்று சிஐடி திரும்பவும் தொடங்கியது. முன்னோட்டத்தைப் பார்த்து வீடே திகைத்துவிட்டது: அபிஜித் துப்பாக்கியை எடுத்து தயாவைச் சுடுகிறார். மாமாவுக்கு அப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. குர்லாவில் வண்டி மாறும் தெம்பு போய், டோம்பிவிலியிலேயே இருந்தார். மகள் அந்த முன்னோட்டத்தை அவருக்குப் போனில் அனுப்பித் தொலைத்துவிட்டாள். மத்தியானம் அவர் சாப்பிடவில்லை என்று தகவல் வந்தது. நான் நேரில் போனேன். “அவன் சுட்டிருக்க மாட்டான். ஏதோ காரணம் இருக்கும். வெளியில சொல்ல முடியாத காரணம்” என்று மூன்று தடவை சொன்னார். ஆமாம் என்றேன். கிளம்பும்போது, நாக்பூர் டெலிபோன் நம்பரெல்லாம் இப்போது எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். மகள் அந்த வேலையில் இறங்கியிருக்கிறாள். பூட்டிய கதவாகத்தான் இருக்கிறது.

2025 ஏப்ரலில் அதைவிடப் பெரிய இடி. ஏசிபி பிரத்யுமன் குண்டுவெடிப்பில் இறந்துபோனார். சோனியே இரங்கல் செய்தி வெளியிட்டது. அம்மா தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள எழுந்துவிட்டாள். பிடித்து உட்காரவைத்தோம். எதிர் வீட்டு ஆஜி இதைப் பார்க்க இல்லை, இரண்டு வருடம் முன்பே போய்விட்டார். நல்லதென்றே நினைத்தேன்.

பாளையங்கோட்டைக்கு நான்தான் போன் போட்டுச் சொன்னேன். அத்தைக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கொலை எப்படி நடந்தது, யார் செய்தது, எதையும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.

“அந்த டாக்டருக்குத் துணைக்கு யாருய்யா இருக்கா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தாரிகா இருப்பாள் என்று சொல்லிவைத்தேன்.

சில வாரம் கழித்து ஏசிபி உயிரோடு திரும்பி வந்தார். சாகவில்லையாம். கதையில் அதற்கு ஒரு விளக்கமும் சொன்னார்கள். நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை, நான் அதற்குள் போனில் இருந்தேன்.

“வந்துட்டாவளா?” என்றாள் அத்தை. குரலில் ஆச்சரியமே இல்லை. “ரெண்டு நாளைக்கு டாக்டரு மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாவ. அப்புறம் சரியாயிரும்.”